தடுக்கக் கொடுத்த கை

சேலையூர் பக்கம் ஒரு டர்ஃப் மைதானம். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி. நாலு பக்கமும் தலைக்கு மேலும் வலை. உள்ளே ஐந்துக்கு ஐந்து ஆட்டம். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் அடுத்த ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிய கூட்டம். என் அக்கா மகன் உள்ளே ஆடிக்கொண்டிருந்தான். அவனைக் கூட்டிப் போக வந்தவன் நான். மாலையில் பெய்த மழையில் செயற்கைப் புல்லுக்குள் இருந்த கறுப்பு ரப்பர் துகள் எல்லார் காலிலும் ஒட்டியிருந்தது.

கீப்பராக நின்ற பையன் ஒரு ஷாட்டை மார்போடு அணைத்துப் பிடித்தான். நிமிர்ந்து பார்த்தான். எதிரணி கீப்பர் ஆர்வத்தில் நடுக்கோடு வரை ஏறி வந்துவிட்டிருந்தான். தோளுக்கு மேலே கையைச் சுழற்றி ஒரே வீச்சு. பந்து எல்லார் தலையையும் தாண்டிப் போய், ஒரு தரம் தரையில் எகிறி, ஆளில்லாத வலைக்குள் உருண்டது.

"கோல்!"

"டேய், கையால எறிஞ்சா கோல் கிடையாதுடா."

"யார் சொன்னா? அவன் பாக்ஸுக்குள்ள நின்னுதானே எறிஞ்சான்!"

"கீழ பட்டுத்தானே போச்சு மச்சான், நேரா போகலையே."

"நம்ம டர்ஃப்ல கீப்பர் ஹாஃப் லைனைத் தாண்டி எறியவே கூடாது. போன வாரமே சொன்னாங்க."

ஒரு மணி நேரத்தில் எட்டு நிமிடம் இப்படிப் போயிற்று. கடைசியில் என் மருமகன் வலையருகே ஓடிவந்து, "மாமா, நீங்க சொல்லுங்க" என்றான். கோல் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டான். அந்த ஏன் என்பதற்கு வலைக்கு இந்தப் பக்கம் நின்று பதில் சொல்லிவிட முடியாது.

வாதாடியவர்களில் யாரும் கதை விடவில்லை. முதலாமவன் சொன்னது 2019 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம். இரண்டாமவன் சொன்னது அதற்கு முந்தைய சட்டம். மூன்றாமவனும் 2019 சட்டத்தை எங்கோ கேட்டிருக்கிறான். ஆனால் அதில் வரும் 'நேரடியாக' என்ற சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான். நாலாமவன் சொன்னது அந்த மைதானத்து வழக்கம். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்து மைதானங்களில் நான் கேட்ட சண்டைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஒவ்வொருவரும் தாங்கள் ஆடத் தொடங்கிய வருடத்துச் சட்டத்தையே கால்பந்துச் சட்டம் என்று நம்புகிறார்கள். கோல்கீப்பர் விஷயத்தில் இது இன்னும் அதிகம். கால்பந்தின் 17 சட்டங்களில் கீப்பரின் கையைப் பற்றிய வரிகளைப் போல அடிக்கடி திருத்தப்பட்டவை குறைவு என்பது என் எண்ணம்.

சட்டம் இப்போது சொல்வது இது. கீப்பர் தன் பெனால்டி ஏரியாவுக்குள் நின்று கையால் எறிந்த பந்து நேரடியாக எதிர் வலைக்குள் போனால் கோல் கிடையாது. எதிரணிக்கு கோல் கிக். நேரடியாக என்றால் வேறு எந்த ஆட்டக்காரர் மீதும் படாமல் என்று பொருள். தரையில் நூறு தரம் எகிறினாலும் அது நேரடிதான். வழியில் எதிரணிக்காரர் ஒருவரின் முழங்காலில் உரசி உள்ளே போயிருந்தால் கோல். சர்வதேச கால்பந்துச் சங்க வாரியம், அதாவது ஐஎஃப்ஏபி, 2019இல் பத்தாவது சட்டத்தில் இந்த வரியைச் சேர்த்தது. ஹேண்ட்பால் சட்டத்தை அந்த ஆண்டில்தான் புதிதாக எழுதினார்கள். கையில் பட்டு எதிர் வலைக்குள் நேராகப் போகும் பந்து, தெரியாமல் பட்டிருந்தாலும் கோல் ஆகாது என்று முடிவெடுத்தபோது கீப்பரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை கையால் எறிந்து கோல் போட கீப்பருக்குச் சட்டப்படி தடை இல்லை. முழு அளவு மைதானத்தில் அவ்வளவு தூரம் எறிய மனிதத் தோளுக்கு வலு இல்லாததால் அந்த ஓட்டையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சேலையூர் டர்ஃப் போன்ற சின்ன மைதானத்தில் அது நிஜமான ஓட்டை.

இங்கிருந்து பின்னோக்கிப் போனால், இந்த ஒரு வரி நூற்றைம்பது ஆண்டுக் கதையின் அண்மைப் பகுதிகளில் ஒன்று என்பது தெரியும். 1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் எழுதிய முதல் சட்டங்களில் கோல்கீப்பர் என்று ஒருவர் இல்லவே இல்லை. பந்தைக் கையால் பிடிக்கும் உரிமை, சில வரம்புகளோடு, எல்லாருக்கும் இருந்தது. பிறகு எல்லாரிடமிருந்தும் கையைப் பிடுங்கினார்கள். 1871இல் ஒருவருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போதே நிபந்தனை தெளிவாக இருந்தது: கோலைக் காப்பதற்காக மட்டும் கையைப் பயன்படுத்தலாம். தடுப்பதற்காகக் கொடுத்த கை அது. அதற்குப் பிறகு வந்த திருத்தங்கள் பலவற்றை, அந்தக் கையை வேறு வேலைக்குப் பயன்படுத்திய யாரோ ஒருவருக்குச் சட்டம் சொன்ன பதிலாகவே நான் படிக்கிறேன்.

அப்படிப் பதில் வாங்கியவர்களில் முக்கியமானவர் லீ ரிச்மண்ட் ரூஸ். வேல்ஸ் நாட்டுக்காரர், மருத்துவம் படித்தவர், ஸ்டோக், எவர்ட்டன், சண்டர்லாந்து அணிகளின் கீப்பர். அன்றைய சட்டப்படி கீப்பர் தன் பாதி மைதானம் முழுவதிலும் கையால் பந்தைத் தொடலாம். பந்தை வைத்துக்கொண்டு இரண்டு அடிக்கு மேல் நடக்கத்தான் கூடாது. ரூஸ் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, பாஸ்கெட்பால் ஆடுபவர் போல நடுக்கோடு வரை ஓடுவார். அங்கிருந்து எதிரணி கோல் முகத்துக்கு உதைப்பார். மற்ற கீப்பர்கள் இடிபடப் பயந்து செய்யாததை அவர் வாரா வாரம் செய்தார். அந்தக் காலத்தில்தான், 1910இல், ஸ்காட்லாந்தில் தர்டு லேனார்க், மதர்வெல் அணிகள் மோதிய ஆட்டத்தில் இரண்டு பக்கக் கீப்பர்களும் கோல் போட்டார்கள். ஜேம்ஸ் பிரவுன்லி ஒருவர், காலின் ஹாம்ப்டன் மற்றவர். 1912இல் சட்டம் மாறியது. கை பெனால்டி ஏரியாவுக்குள் மட்டும் என்று சுருங்கியது. ரூஸ் 1916இல் சொம் போர்க்களத்தில் இறந்தார். அவரால் கீப்பரின் கைக்கு எல்லையாக மாறிய கோடுதான் இன்றும் தாம்பரத்து மைதானங்களில் சுண்ணாம்பில் விழுகிறது.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே நடக்கும் தகராறுகளில் பாதி அதைச் சுற்றித்தான்.

பெனால்டி ஏரியா கோல் கம்பத்திலிருந்து இரு பக்கமும் 16.5 மீட்டர் அகலம், மைதானத்துக்குள் 16.5 மீட்டர் ஆழம். மொத்த அகலம் 40.32 மீட்டர். கோடும் ஏரியாவைச் சேர்ந்ததே. கோட்டின் வெளி விளிம்பு வரை கீப்பருக்குச் சொந்தம். கீப்பரின் கால் எங்கே நிற்கிறது என்பது கணக்கே இல்லை. கை பந்தைத் தொடும் இடம் எது என்பதுதான் கணக்கு. இரண்டு காலும் உள்ளே இருக்க, எட்டிப் பாய்ந்து வெளியே இருக்கும் பந்தைப் பிடித்தால் ஹேண்ட்பால். இரண்டு காலும் வெளியே இருக்க, கையை உள்ளே நீட்டிக் கோட்டின் மேல் இருக்கும் பந்தை அமுக்கினால் சரி. வெளியே தொட்டுவிட்டால் கீப்பரும் மற்ற ஆட்டக்காரரைப் போலத்தான்: டைரக்ட் ஃப்ரீ கிக். கண்டிப்பாக விழுந்திருக்கும் கோலை அப்படித் தடுத்திருந்தால் சிவப்பு அட்டை.

நம் பையன்கள் 'டி' என்று சொல்வதில்தான் பெரிய குழப்பம். பெரிய மைதானத்தில் பெனால்டி ஏரியாவின் நெற்றியில் பிறை போல ஒரு வளைவு இருக்கும். அதைப் பலர் கீப்பரின் இடம் என்று நினைத்துக்கொண்டு அங்கே வரை வந்து பந்தை அள்ளுகிறார்கள். அது கீப்பருக்கானதே அல்ல. பெனால்டி அடிக்கும்போது மற்றவர்கள் பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதைக் காட்டப் போட்ட கோடு. ஆனால் ஃபுட்சாலில், அதாவது ஐந்து பேர் ஆடும் உள்ளரங்க ஆட்டத்தில், கீப்பரின் பெனால்டி ஏரியாவே உண்மையில் ஒரு 'டி'. கம்பத்திலிருந்து 6 மீட்டர் ஆரத்தில் இரண்டு கால்வட்டம் போட்டு நடுவே நேர்கோட்டால் இணைத்திருப்பார்கள். டர்ஃபில் ஆடிப் பழகி, பிறகு கல்லூரி மைதானத்துக்குப் போகும் பையன் இந்த இரண்டு 'டி'யையும் ஒன்றாக நினைப்பதில் வியப்பில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த வட்டாரத்தில் மைதானத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்தை விட்டுத் தாம்பரம் வந்தபோது காட்டுக்கு நடுவே ஆடுகளங்களும் வந்தன. ரயில்வே குடியிருப்பு, விமானப்படை நிலையம், பல்லாவரம் கன்டோன்மென்ட் என்று ஒவ்வொன்றைச் சுற்றியும் திறந்த வெளி இருந்தது. பஞ்சம் கோடுகளுக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் காலையில் போட்ட சுண்ணாம்பு மதியத்துக்குள் கரைந்துவிடும். அனுபவமுள்ள கீப்பர் என்ன செய்வார் தெரியுமா? ஆட்டம் தொடங்குமுன் கோல் கம்பத்திலிருந்து நேராக எண்ணி நடந்து, ஏரியா முடியும் இடத்தில் பூட்ஸ் குதிகாலால் ஈர மண்ணைக் கீறி ஒரு பள்ளம் போடுவார். பிறகு ஆட்டம் முழுக்க முன்னேறி வரும்போதெல்லாம் ஓரக்கண்ணால் அந்தப் பள்ளத்தைத் தேடுவார். மைதானத்தில் வேண்டுமென்றே அடையாளம் கீறுவது கூடாது என்று கறாரான நடுவர் கண்டிக்கலாம். ஆனால் கோடே இல்லாத இடத்தில் கீப்பருக்கு வேறு கதி இல்லை.

தமிழர்களுக்கு இந்த வரலாற்றில் பெரிய பெயர் ஒன்று உண்டு: பீட்டர் தங்கராஜ். 1935இல் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். 1950களில் வெல்லிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு வந்து, அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றபோது கோலில் நின்றவர். அவர் முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடியவர் என்பது பலருக்குத் தெரியாது. கோல் போட வந்தவரைக் கோல் காக்க நிறுத்தினார்கள். 1958இல் ஆசியாவின் சிறந்த கீப்பர் என்ற பெயர் அவருக்கு வந்தது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியில் தென் கொரியாவை இந்தியா 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய நாளில் கோலில் நின்றவரும் அவரே.

தங்கராஜ் ஆடிய சட்டத்தை இன்றைய பையனுக்குச் சொன்னால் நம்பமாட்டான். சொந்த அணிக்காரர் காலால் உதைத்துத் தரும் பந்தை அவர் தாராளமாகக் கையால் எடுக்கலாம். பந்தைத் தூக்கிக்கொண்டு நடக்க நாலு அடி வரம்பு உண்டு. நொடிக் கணக்கு எதுவும் கிடையாது. ஆனால் அவர் பந்தைப் பிடித்திருக்கும்போதே எதிரணிக்காரர் தோளால் இடிக்கலாம். அதே 1958இல் இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் கீப்பர் ஹாரி கிரெக் கையில் பந்து இருக்கையில் நாட் லாஃப்ட்ஹவுஸ் இடித்ததில், ஆளும் பந்துமாகக் கோட்டைத் தாண்டி விழுந்தார். கோல் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக் கீப்பருக்குக் கைச் சுதந்திரம் அதிகம், உடம்புக்குப் பாதுகாப்பு குறைவு. இன்றைக்கு நேர்மாறு. பந்து கீப்பரின் இரு கைக்கு நடுவிலோ, கைக்கும் தரைக்கும் நடுவிலோ, கைக்கும் உடம்புக்கும் நடுவிலோ இருந்தால் எதிரணிக்காரர் அதற்குப் போட்டியிடவே கூடாது. விரித்த உள்ளங்கையில் ஏந்தியிருந்தாலும், தரையில் தட்டிக்கொண்டிருந்தாலும் அவர் வசம் இருப்பதாகத்தான் அர்த்தம். 1990இல் மான்செஸ்டர் சிட்டி கீப்பர் ஆண்டி டிபிள் ஒரு கையில் பந்தை ஏந்தி நின்றபோது, நாட்டிங்காம் ஃபாரஸ்டின் கேரி கிராஸ்பி பின்னாலிருந்து வந்து தலையால் தட்டிக் கீழே இறக்கிக் கோல் போட்டார். அன்று அது செல்லுபடியானது. இன்று செய்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்.

கையைச் சுருக்கிய மிகப் பெரிய திருத்தம் 1992இல் வந்தது. அதற்குக் காரணம் சொல்லும்போது எல்லாரும் 1990 உலகக் கோப்பையில் அயர்லாந்தும் எகிப்தும் மோதிய ஆட்டத்தைச் சொல்வார்கள். கோலே விழாத ஆட்டம். அயர்லாந்து கீப்பர் பேக்கி பானர் கையில் மட்டும் மொத்தமாக ஆறு நிமிடம் போல பந்து இருந்ததாகக் கணக்கு. தற்காப்பு ஆட்டக்காரர் பந்தைத் திருப்பித் தருவார், கீப்பர் எடுத்து நிற்பார், பக்கத்தில் இருப்பவருக்கு உருட்டுவார், திரும்ப வாங்குவார். 1992 கோடை முதல், சொந்த அணிக்காரர் வேண்டுமென்றே காலால் கீப்பருக்கு உதைத்துத் தந்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது. 1997இல் சொந்த அணியின் த்ரோ-இன்னுக்கும் அதே தடை வந்தது.

காலால் என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். தலையால், மார்பால், முழங்காலால் தட்டித் தந்தால் எடுக்கலாம். வேண்டுமென்றே என்பதும் முக்கியம். தவறிப்போய்க் காலில் பட்டுப் பின்னால் வந்த பந்தை எடுக்கலாம். இதை நான் படிப்பில் அல்ல, அடிபட்டுத் தெரிந்துகொண்டவன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பள்ளிகளுக்கிடையிலான ஆட்டத்தில் நான் கீப்பர். எங்கள் ஸ்டாப்பர் பேக் தலையால் தட்டித் தந்த பந்தைப் பிடித்தேன். விசில். "பேக் பாஸ்" என்றார் நடுவராக நின்றவர். சட்டம் வந்து மூன்று நாலு வருடம்தான் ஆகியிருந்தது. மைதானத்தில் இருந்த யாரும் அதை முழுதாகப் படித்திருக்கவில்லை, நானும்தான். கோல் கோட்டுக்கு முன்னால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். எங்கள் பதினொரு பேரும் கோல் கோட்டின் மேல் கம்பத்துக்குக் கம்பம் சுவராக நின்றோம். தட்டிக் கொடுத்து அடித்ததில் பந்து என் இடது முழங்கையைத் தடவிக்கொண்டு உள்ளே போனது. அந்த ஆட்டத்தில் அதுதான் ஒரே கோல். அந்தத் தீர்ப்பு தவறு என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் பிடித்தது. அதனால்தான் டர்ஃப் பையன்கள் எட்டு நிமிடம் சண்டை போட்டதைப் பார்த்து எரிச்சல் வரவில்லை. அவர்கள் கேட்கவாவது செய்தார்கள்.

தண்டனையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கீப்பர் தன் ஏரியாவுக்குள் தொடக்கூடாத நேரத்தில் கையால் தொட்டால், அதற்கு ஒருபோதும் பெனால்டி கிடையாது. இன்டைரக்ட் ஃப்ரீ கிக் மட்டுமே. பேக் பாஸைக் கையால் எடுத்ததற்காக அட்டையும் கிடையாது, அதனால் ஒரு கோல் தடைபட்டிருந்தாலும். அந்த இடத்தில் கை அவருடையதுதான், தவறான நேரத்தில் பயன்படுத்தினார், அவ்வளவே என்பது சட்டத்தின் பார்வை. ஆனால் சட்டத்தை ஏமாற்றப் பார்த்தால் அட்டை உண்டு. தற்காப்பு ஆட்டக்காரர் பந்தைக் காலால் நிமிண்டித் தன் தலைக்கே எழுப்பி, தலையால் கீப்பருக்குத் தந்தால், கீப்பர் அதைத் தொடுமுன்பே மஞ்சள் அட்டை காட்டலாம். அந்தத் தந்திரத்தைத் தொடங்கி வைத்தவர் கீப்பர் என்றால் அட்டை அவருக்கு.

நேரக் கணக்கு இதைவிடப் புதிது. 2000இல் நாலடி வரம்பை எடுத்துவிட்டு ஆறு நொடி என்றார்கள். எந்த நடுவரும் அதைச் சரியாக எண்ணவில்லை. எண்ணினால் கோல் முகத்தில் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுக்க வேண்டும். சின்னத் தவறுக்கு அது மிகப் பெரிய தண்டனை என்று அவர்களுக்கே மனம் வரவில்லை. எனவே கீப்பர்கள் பந்தின் மேல் படுத்து ஓய்வெடுத்தார்கள். 2025 ஜூலை முதல் வரம்பு எட்டு நொடி, தண்டனை எதிரணிக்கு கார்னர் கிக். கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணிக் காட்டுவார். தண்டனையைக் குறைத்ததால்தான் சட்டத்துக்கு உயிர் வந்தது. இதைச் செய்ய அவர்களுக்கு ஏன் கால் நூற்றாண்டு ஆனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இனி கோல் போடும் பக்கம். கையைச் சுருக்கிக்கொண்டே வந்த சட்டம் கீப்பரின் காலையும் தலையையும் தொடவே இல்லை. கையில் பிடித்த பந்தை விட்டு உதைத்து அது நேராக எதிர் வலைக்குள் போனால் கோல். 1967இல் சாரிட்டி ஷீல்டு ஆட்டத்தில் டாட்டன்ஹாம் கீப்பர் பேட் ஜென்னிங்ஸ் அப்படி உதைத்த பந்து, மான்செஸ்டர் யுனைடெட் கீப்பரின் தலைக்கு மேலே எகிறி உள்ளே போனது. கோல் கிக்கிலிருந்தும் நேரடியாகக் கோல் போடலாம். 2021 ஜனவரியில் நியூபோர்ட் கவுண்டி கீப்பர் டாம் கிங் அடித்த கோல் கிக் 96.01 மீட்டர் தூரம் போய் வலையில் விழுந்தது. மிக நீண்ட தூரக் கோல் என்று கின்னஸில் பதிவானது. ஃப்ரீ கிக்கும் பெனால்டியும் கீப்பர் அடிக்கலாம். பிரேசிலின் சாவோ பாவ்லோ அணிக் கீப்பர் ரோஜேரியோ செனி அப்படியே சுமார் 130 கோல் சேர்த்தார். பராகுவேயின் சிலாவெர்ட் 1999இல் ஒரே ஆட்டத்தில் மூன்று பெனால்டி அடித்து ஹாட்ரிக் போட்டார். கடைசி நிமிடக் கார்னருக்கு ஏறி வந்து தலையால் முட்டலாம். லிவர்பூலின் அலிசன் 2021 மே மாதத்தில் அதைச் செய்தார். எதிரணி ஏரியாவுக்குள் நுழைந்துவிட்டால் கீப்பரின் சட்டை நிறத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை. அங்கே கையை உயர்த்தினால் மற்றவரைப் போல ஹேண்ட்பால்.

ஆக, எதிர் வலை விஷயத்தில் கீப்பரின் கைக்கு மதிப்பு சுழி. சொந்த வலை விஷயத்தில் அப்படி இல்லை. கீப்பர் எறிய ஓங்கிய பந்து கை நழுவிப் பின்னால் சொந்த வலைக்குள் போனால் அது கோல்தான். ஆட்டத்தில் இருக்கும் பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால் யார் கை, யார் கால் என்ற கேள்வி இல்லை. சொந்த அணியின் த்ரோ-இன் யார் மேலும் படாமல் சொந்த வலைக்குள் போனால் மட்டும் கோல் இல்லை, கார்னர். கீப்பரின் காலில் மயிரிழை பட்டாலும் கோல். 2002 செப்டம்பரில் பர்மிங்காம் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவின் மெல்பெர்க் தன் கீப்பர் எங்கல்மனுக்கு எறிந்த த்ரோ-இன் அவர் கால் அருகே ஊர்ந்து உள்ளே போனது. படவில்லை என்றார் கீப்பர். பட்டது என்று கோல் கொடுத்தார் நடுவர் எல்லரே.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 2015 டிசம்பர். 1ஆம் தேதி இரவைத் தாம்பரத்தில் இருந்த யாரும் மறக்கமாட்டார்கள். 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பெருகி முடிச்சூரில் தரைத்தளம் மூழ்கியது. மேற்குத் தாம்பரத்தில் படகு விட்டார்கள். சென்னையின் எஃப்சி அணி அப்போது ஐஎஸ்எல் அரையிறுதிக்கு வந்திருந்தது. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய ஆட்டத்தைப் புனேவுக்கு மாற்றினார்கள். வீட்டுச் சேற்றை வழித்துக்கொண்டே 12ஆம் தேதி அணி கொல்கத்தாவை 3-0 என்று வென்றதைக் கேட்டோம். 20ஆம் தேதி மட்காவ் ஃபதோர்டா மைதானத்தில் கோவாவுடன் இறுதி ஆட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. தெருவில் அரைகுறையாக மின்சாரம் வந்திருந்த வீட்டில் ஒரே டிவி முன்னால் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். 90ஆவது நிமிடத்தில் கோல் முகத்து நெரிசலில் பந்து கோவா வலைக்குள். ஆட்டப் பதிவில் அந்தக் கோல் கோவா கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணியின் பெயரில், சொந்த கோலாக எழுதப்பட்டிருக்கிறது. தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் மெண்டோசா அடித்தார். 3-2, கோப்பை சென்னைக்கு.

நாங்கள் கத்திய கத்தலில் அன்று யாரும் கட்டிமணியை நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன். ஒரு ஃபார்வர்டு பத்து வாய்ப்பை வீணடித்தால் அவர் பெயர் எந்தப் பதிவிலும் ஏறாது. கீப்பரைத் தொட்டு உள்ளே போன ஒரு பந்து அவர் பெயரோடு நிரந்தரமாக நின்றுவிடுகிறது. சட்டம் கீப்பருக்குக் கையைக் கொடுத்ததற்கு வாங்கிக்கொண்ட விலை இது என்று தோன்றுகிறது. அந்த விலையைக் கொடுப்பவர்களுக்குச் சட்டத்தைச் சரியாகச் சொல்லித் தரவாவது வேண்டாமா? ஐஎஃப்ஏபியின் சட்டப் புத்தகம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. கீப்பர் பற்றிய பகுதியைத் தமிழில் எழுதினால் இரண்டு பக்கம் வரும். டர்ஃப் மைதானங்களில் ஷூ விதிமுறையும் பார்க்கிங் விதிமுறையும் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் அதையும் மாட்டலாம். அந்த இடத்துக்கென்று தனி வழக்கம் இருந்தால் அதையும் சேர்த்து எழுதலாம். ஃபுட்சால் முறைப்படி தன் பாதியில் கீப்பருக்கு நாலு நொடிதானா, ஒரு தரம் கொடுத்த பந்தை எதிரணி தொடாமல் திரும்ப வாங்கலாமா என்பதெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

அன்று இரவு கோல் இல்லை என்று நான் சொன்னதும் எறிந்த பையனின் முகம் விழுந்துவிட்டது. அந்த வீச்சு நிஜமாகவே அருமையான வீச்சு. எதிரணி கீப்பர் பந்தை எடுத்துத் தன் 'டி'க்குள் வைத்துக் காலால் உதைக்கப் போனான். ஃபுட்சாலில் அதைக் கையால்தான் எறிய வேண்டும் என்று இன்னொருவன் கத்தினான். எல்லாரும் மறுபடியும் வலைக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார்கள். ஆமாம், கையால்தான் என்றேன். அவன் பந்தை எடுத்து, ஒரு நொடி எறிந்த பையனின் திறந்து கிடந்த கோலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவனுக்கு உருட்டினான்.